ஒன்பதாம் பாடமும் ஒரு துஆவும்

ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகரத்து முதியோர் இல்லமொன்றில் பதினோரு வருஷம் தரை துடைத்தவள் ஸகல். நாற்பத்தொரு வயதில், அதே இல்லத்து நோயாளிகளைக் கவனிக்கும் உதவியாளராக வேண்டும் என்று படிக்க உட்கார்ந்தாள். திங்கட்கிழமை கடைசிப் பரீட்சை. தேறாவிட்டால் மறுபடி துடைப்பம்தான்.

தினமும் விடியலில் சுபுஹு தொழுததும் துஆ கேட்டுக் கையேந்துவாள். “யா அல்லாஹ், பயன் தரும் கல்வியைத் தா. பயன் தராத கல்வியிலிருந்து என்னைக் காப்பாற்று.” பிறகு புத்தகத்தைத் திறப்பாள். எலும்புகளின் பெயர்கள், ரத்த அழுத்தம், முழ நீளத்து ஸ்வீடிஷ் வார்த்தைகள், எல்லாம் மனதில் ஏறின. ஒன்பதாம் பாடம் மட்டும் ஏறவில்லை. சாகப்போகிறவர்களைக் கவனிக்கும் பாடம் அது. எட்டு முறை படித்துவிட்டாள். புத்தகத்தை மூடினால் ஒரு வரிகூட நிற்பதில்லை.

ஞாயிறு காலை, மாடிவீட்டு நாத்தனார் உபா சுடச்சுட அன்ஜேரோ தோசை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

“ஒன்பதாம் பாடத்த விட்டுட்டேன்டீ,” என்றாள் ஸகல்.

“ஏன் மதினி?”

“பயனில்லாதது வேண்டாம்னு நான்தானே கேட்டேன்? அதான் அவன் தடுக்கிறான். அவன் தடுக்கிறத நான் திருடிப் படிக்கவா?”

உபாவுக்குத் தேநீர் புரையேறியது. “பேப்பர் திருத்துற அம்மாவுக்கு இதையே எழுதி வை. என் பையனும் கணக்குப் பாடத்துக்கு இப்படித்தான் சொல்றான்!”

“சிரிக்காத. நிஜமாவே ஒண்ணும் புரியல எனக்கு.”

“குடு, நான் வாசிக்கிறேன்.”

உபா சத்தமாக வாசித்தாள். உதட்டை ஈரத்துணியால் நனைக்க வேண்டும். கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். “பேச்சு நின்ற பின்பும் காது கேட்கக்கூடும். உறவினர்களைப் பேசச் சொல்லுங்கள்.”

ஸகல் அந்த வரியின்மேல் விரலை வைத்தாள்.

நாலு வருஷத்துக்கு முன், சோமாலியாவில் அவள் சொந்த ஊரான கிஸ்மாயோவில், அவள் பேசட்டும் என்று தம்பி போனைச் சாகக்கிடந்த உம்மாவின் காதருகே பிடித்திருந்தான். “அவங்களுக்குத்தான் இனி கேக்காதே, வையுடா,” என்று சொன்னது ஸகல்தான். அதை உம்மா கேட்டிருப்பாளா?

“நான் பேசியிருக்கலாமேடீ!” நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். உபா புத்தகத்தைத் தள்ளிவைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். எட்டு முறையும் ஸகலைத் தடுத்தது அல்லாஹ்வா, அவள் நெஞ்சேதானா?

மறுநாள் பரீட்சைத்தாளில் நாலாவது கேள்வி, பேச்சு நின்றவரின் உறவினர்களிடம் என்ன சொல்வது என்பதுதான். கண்ணீர் தாளில் விழாமல் முக்காட்டு நுனியால் ஒற்றிக்கொண்டு எழுதினாள்: ‘பேசச் சொல்ல வேண்டும். தூரத்தில் இருந்தால் போனிலாவது. பதில் வராது என்று வைத்துவிடக் கூடாது.’

வாசலில் காத்திருந்த உபா ஓடி வந்தாள். “எழுதினியா மதினி?”

“எழுதிட்டேன். தேறிடுவேன்.” ஸகல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “இனி எத்தனையோ பேருக்கு இது பயன்படும். ஆனா எனக்கு? இத வச்சிக்கிட்டு நான் என்னடீ பண்ணுவேன், உபா?”

உபாவும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.