கயிற்றின் நடுவில் மிக்கோலா

எழுபதுகளின் நடுப்பகுதி. டண்டினொங்கில், பல நாடுகளிலிருந்து குடியேறியவர்கள் வேலைசெய்த தகரம் அழுத்தும் தொழிற்சாலையொன்றில் நான் லீடிங் ஹாண்ட், ஃபோர்மனுக்குக் கீழே ஆட்களைப் பார்த்துக்கொள்பவன். கொம்பனி பிக்னிக்குக்கு முதல்நாள் சண்டை வெடித்தது. கயிறிழுத்தலில் நாட்டுக்கொரு அணி. மெஷின்காரன் மிக்கோலா தன் நாட்டுக்கும் அணி கேட்டான்.

"எந்த நாடு?" என்றார் ஃபோர்மன்.

"பெலரூஸ்."

"அது ரஷ்யாதானே?"

"இல்லை!" என்று கத்தினான் மிக்கோலா.

பக்கத்து மெஷினில் நின்ற போலந்துக்காரன் சிரித்தான். "அவன்ர ஊர் எங்கட போலந்துக்குள்ள கிடந்தது. எங்களோட இழுக்கட்டும்."

உண்மைதான், மிக்கோலா பிறந்தபோது அவன் ஊர் போலந்தின் கீழ். பிறகு ரஷ்யர் வந்தார்கள், பிறகு ஜெர்மன்காரர், மறுபடியும் ரஷ்யர். அவன் தகப்பன் காலத்தில் ஒருமுறை பெலரூஸ் தனிநாடென்று சுதந்திரம் அறிவித்தார்களாம். ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை. மனுசன் அதையே பிடித்துக்கொண்டிருந்தான்.

ஃபோர்மன் அலுத்துப்போனார். "நாலு பேரைக் கொண்டு வா, உனக்கும் ஒரு ரீம் தாறன்."

அவனோடு சேர்த்து அவன் நாட்டவர் எங்களிடம் சரியாக நாலு பேர். மற்ற மூவரும் சம்மதமென்று தலையாட்டினார்கள். அவன் மனைவி இரவோடிரவாக வெள்ளை, சிவப்பு, வெள்ளைப் பட்டைகளில் தங்கள் நாட்டுக் கொடி தைத்தாள்.

"சுந்தரம், ஒரு நாளெண்டாலும் எங்கட பேரில நிப்பம்" என்றான் மிக்கோலா என்னிடம்.

காலையில் அந்த மூவரில் இருவர் போலந்துப் பக்கம் போனார்கள். அவர்கள் போலந்துக் கோயிலுக்குப் போகும் கத்தோலிக்கர். "போலந்துப் பாதர் கோவிப்பார்" என்றார்கள். மூன்றாமவன் ரஷ்யரிடம் போனான். அவன் மகளுக்கு ரஷ்யக் கோயிலில் கலியாணம் பேசியிருந்தது.

ஃபோர்மன் நல்ல மனதோடுதான் சொன்னார்: "பரவாயில்லை மிக்கோலா, நீ ரெஃபரி. நடுவில நில்."

கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு விசில் ஊதினான். போலந்தும் ரஷ்யாவும் இழுத்தன. அவன் ஆட்கள் இரண்டு பக்கமும் கால் புதைய இழுத்தார்கள். மிக்கோலா தன் பாஷையில் ஏதோ கத்தினான். அது விளங்கக்கூடிய மூவரும் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

திங்கட்கிழமை கேட்டேன்: "என்னடாப்பா கத்தினனீ?"

"கயித்தை விடுங்கோடா எண்டனான்" என்றான். "ஒருத்தனும் விடேல்லை."

ஆட்களை வைத்து வேலை வாங்கப்போகும் பிள்ளைகளே, ஒருவன் தன் நாட்டின் பெயரைச் சொன்னால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். 'அது இதுதானே' என்று திருத்தாதீர்கள். இதற்கு மேல் என்னிடம் பாடம் இல்லை. அந்த நாலு பேரை ஒன்றாக நிறுத்த எனக்கு இன்றும் வழி தெரியாது.

அடுத்த வருஷம் மிக்கோலா பிக்னிக்குக்கே வரவில்லை. ஃபோர்மன் என்னைக் கூப்பிட்டார். "நீ சிலோன்காரன், உனக்கும் ரீம் இல்லை" என்று விசிலை நீட்டினார்.

நான் வாங்கவில்லை.