லோரெட்டாவின் நூறு கஜம்

என் மனைவி லோரெட்டா எங்கள் மொண்டானா பள்ளத்தாக்கில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். பனிப்புயலுக்குப் பயப்பட மாட்டாள், கரடிக்குப் பயப்பட மாட்டாள், எனக்கா, கேட்கவே வேண்டாம். ஆனால் ஒரு காகிதத் தட்டு சொன்னால் கைகட்டிக் கேட்பாள்.

வேட்டைக் காலம் தொடங்க ஒரு நாள் இருக்கும்போது, சாப்பிடும் காகிதத் தட்டு ஒன்றை வைக்கோல் கட்டு ஒன்றின் மேல் குத்தி வைப்பாள். மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்து அந்தத் தட்டளவுதான். கொட்டகைக்குப் பின்னாலுள்ள மேட்டில் மூச்சு வாங்க ஏறி, தரையில் உட்கார்ந்து, மூன்று முறை சுடுவாள். மூன்றும் தட்டில் பட வேண்டும். ஒன்று வெளியே போனாலும் முன்னால் நகர்ந்து மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். மூன்றும் பட்ட தூரம்தான் அந்த வருடத்து எல்லை. அதற்கு அப்பால் நிற்கும் மான் அவள் கணக்கில் மானே இல்லை, கொம்பு முளைத்த புதர்.

முன்பெல்லாம் முந்நூறு கஜத்துக்குக் குறைந்ததில்லை. போன குளிர்காலத்தில் டாக்டர்கள் அவள் தோள்பட்டையில் கத்தி வைத்தார்கள். இந்த வருடம் தட்டு விதித்தது நூறு கஜம். அன்று சமையலறையில் பாத்திரங்கள் பட்ட பாட்டை நான்தான் கேட்டேன். இத்தனைக்கும், பத்து வருடமாக எழுதிப்போட்டு எழுதிப்போட்டு, பெரிய எல்க் மானில் ஆண் ஒன்றைச் சுடும் அனுமதிச் சீட்டு இந்த வருடம்தான் அவளுக்குக் குலுக்கலில் விழுந்திருந்தது. ஒரே சீட்டு, ஒரே மான். இதை விட்டால் அடுத்தது விழும்போது நாங்கள் இருப்போமா என்பதே சந்தேகம்.

அவள் தம்பி எர்வினுக்கு இந்தத் தட்டு விவகாரம் என்றாலே சிரிப்பு. புதிதாக ஒரு துப்பாக்கி வாங்கியிருந்தான். அதன் மேலிருக்கும் தொலைநோக்கி என் தொடை அளவு இருக்கும். ஆயிரம் கஜத்தில் இரும்புத் தகடு 'டங்' என்று அடிப்பதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, கல்யாண வீடு, சாவு வீடு என்று பார்க்காமல் எல்லோரிடமும் காட்டுவான்.

வேட்டைக் காலம் முடியும் கடைசி நாள். மூவரும் மலைமுகட்டில் படுத்திருந்தோம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கொம்பன் எல்க் பனியைச் சீய்த்து மேய்ந்துகொண்டிருந்தான். அந்தக் கொம்பைப் பார்த்ததும் எனக்கு வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

எர்வின் தூரம் அளக்கும் கருவியில் பார்த்தான். "அறுநூத்தி நாப்பது கஜம். அக்கா, இந்தா என் துப்பாக்கி. இந்தச் சக்கரத்தைத் திருப்பு, அவ்வளவுதான். காத்து எவ்வளவு, குண்டு எவ்வளவு இறங்கும், எல்லாம் கணக்குப் போட்டு வச்சிருக்கேன்."

"அவன் அடுத்த அடி எப்ப வைப்பான்னு கணக்குப் போட்டியா?"

"என்னது?"

"குண்டு அங்க போய்ச் சேர முக்கால் செகண்டு ஆகும்னு நீதானேடா பெருமையடிச்ச. அதுக்குள்ள அவன் ஒரு அடி நகந்தா? நெஞ்சுல பட வேண்டியது வயித்துல படும். கிடந்து இழுத்துக்கிட்டுச் சாவான்."

"நான் எத்தனை தடவ தகட்டை அடிச்சிருக்கேன் தெரியுமா?"

"தகடு நடக்காதுடா."

எர்வின் என் பக்கம் திரும்பினான். "மச்சான், நீயாவது சொல்லு. பத்து வருஷச் சீட்டு! அந்தத் தோள வச்சுக்கிட்டு இது எங்க நூறு கஜம் போய்ச் சேரப்போகுது?"

நான் வாயில் சாண்ட்விச்சை அடைத்துக்கொண்டேன். அக்கா தம்பிக்கு நடுவில் பேசி வாங்கிக்கட்டிக்கொண்ட அனுபவம் எனக்கு நிறைய உண்டு.

"ஆஸ்கர், என் பூட்ஸைப் பிடி" என்று என்னிடம் கழற்றிக் கொடுத்தாள் லோரெட்டா. சத்தம் கேட்காமலிருக்க வெறும் காலுறையோடு பனியில் இறங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு நாங்கள் பைனாகுலரில் பார்த்ததெல்லாம் வேட்டைக்காரர்கள் கட்டாயம் போட வேண்டிய ஆரஞ்சுச் சட்டையும், அதைச் சுமந்துகொண்டு தவழும் ஒரு பின்புறமும்தான். பேருந்து இருக்கையில் வருடக்கணக்காக வளர்ந்த பின்புறம், ஒளிய மறுத்தது. ஓரிடத்தில் திடீரென்று எகிறி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாயை மட்டும் அசைத்தாள்.

"கள்ளிமுள்ளு" என்றான் எர்வின்.

"உன்னைத்தான் திட்டுறா" என்றேன் நான்.

காற்று மாறி அவள் வாசம் மானுக்குப் போனால் முடிந்தது. மான் தலையைத் தூக்கும்போதெல்லாம் அவள் பூட்ஸை இறுகக் கட்டிக்கொண்டேன். கடவுளே, இந்த ஒரு தடவை அவளுக்குக் கொடுத்துவிடு என்று வாய்விட்டே கேட்டேன். மதியம் தாண்டி ஒருவழியாக எல்லைக்குள் போய், துப்பாக்கியைத் தூக்கினாள். கொம்பன் பக்கவாட்டில், படம் பிடிக்க நிற்பதுபோல் நின்றான்.

அவள் சுடவில்லை.

"என்ன பண்றா? தூங்கிட்டாளா?" என்று எர்வின் பல்லைக் கடித்தான்.

அப்போதுதான் கொம்பனுக்குப் பின்னால் புதருக்குள் படுத்திருந்த இன்னொரு ஆண் மான் எழுந்தது. எங்கள் இடத்திலிருந்து அதுவரை கண்ணில் படவில்லை. எலும்பும் தோலுமாக இருந்தது. மூன்று காலில்தான் எழுந்தது. முன்னங்கால் ஒன்று முழங்காலுக்குக் கீழே தொங்கி ஆடியது. ஓரடி வைத்து, நின்று, மறுபடி ஓரடி வைத்தது.

லோரெட்டாவின் துப்பாக்கி கொம்பனிடமிருந்து மெதுவாக நகர்ந்தது.

"அக்கா, அது இல்ல! பெருசு, பெருசு!" என்று இங்கிருந்தே கிசுகிசுத்துக் கெஞ்சினான் எர்வின்.

ஒரே வெடிச்சத்தம். நொண்டி மான் நின்ற இடத்திலேயே விழுந்தது. கொம்பன் வெள்ளை மூச்சு விட்டபடி மேட்டைத் தாண்டி ஓடி மறைந்தான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவள் மானின் பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலிலிருந்து முள் எடுத்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. நான் பூட்ஸை மாட்டிவிட்டேன். மானின் காலில் குண்டு துளைத்து எலும்பு நொறுங்கியிருந்தது. புதுக் காயம் இல்லை, சீழ் கட்டி நாறியது.

எனக்குக் கோபம் வந்தது. "எவன் பண்ண வேலை இது?"

"'தப்பிடுச்சு'ன்னு தூரத்துல இருந்தே சொல்லிக்கிட்டு வீட்டுக்குப் போன எவனோ ஒருத்தன்" என்றாள் லோரெட்டா. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, அனுமதிச் சீட்டை அந்தச் சின்னக் கொம்பில் கட்டிக்கொண்டிருந்தாள்.

எர்வின் தோளில் தொங்கிய துப்பாக்கியின் வாரை இழுத்து இழுத்துச் சரிசெய்தான்.

"போன வாரம் நான் சுட்டது அந்தப் பக்கத்து மலையில" என்றான். "இங்க இல்ல."

போன வாரம் அவன் சுட்டான் என்பதே எங்கள் இருவருக்கும் அப்போதுதான் தெரியும்.