அடிக்காமல் விட்ட பெயர்கள்

கல்யாணப் பத்திரிகைத் தொழிலில் முகூர்த்த நேரம் தப்பாக விழுந்தால்கூட மன்னித்துவிடுவார்கள்; பெரியப்பா பெயர் விட்டுப்போனால் மன்னிப்பே கிடையாது. கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் எங்கள் வீட்டு கராஜில் பிரின்டர் வைத்துத் தமிழ்ப் பத்திரிகை அடித்துக் கொடுக்கிறேன். என்னைப் போல வீட்டிலிருந்தே சின்னத் தொழில் பண்ணுகிறவர்களுக்குத் தெரியும்: வாடிக்கையாளரையும் பகைக்க முடியாது, ஊர் வாயையும் மூட முடியாது. அந்தப் பயத்தில் நான் செய்த சில காரியங்களைச் சொல்கிறேன்.

மெஷின் ரிப்பேர்

ஆணும் ஆணும் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கலிஃபோர்னியாவே இரண்டுபட்டுக் கிடந்த சமயம். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு 'வேண்டும்', 'வேண்டாம்' என்று பலகை நட்டிருந்தார்கள். கார்த்திக் என்று ஒரு மதுரைப் பையன் போன் செய்தான். தனக்கும் டேனியலுக்கும் கல்யாணம், ஊரில் அடிக்கிற மாதிரியே மஞ்சள் ஓரம் வைத்து ஐம்பது பத்திரிகை வேண்டும் என்றான்.

எனக்குக் கோபமெல்லாம் இல்லை. விஷயம் வெளியே தெரிந்தால் மற்ற ஆர்டர் நின்றுவிடுமோ என்ற பயம்தான். மெஷின் ரிப்பேர் என்று சொல்லிவிட்டேன். அது பின்னால் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது அவனுக்கும் கேட்டிருக்கும். 

"பரவாயில்லக்கா. நீங்களாவது பொய் சொன்னீங்க. இதுக்கு முன்னாடி கேட்ட இடத்துல போனையே வெச்சுட்டாங்க."

சாம்

அப்படிப்பட்ட கல்யாணமும் செல்லும் என்று சட்டம் வந்து பல வருஷம் கழித்து ஈரோட்டு விஜயாக்கா வந்தார். மகள் நித்யாவுக்கும் சமந்தா என்ற பெண்ணுக்கும் கல்யாணம். "சாம்னு மட்டும் போட்ரு கண்ணு. ஊர்ல பையன்னு நெனச்சுக்குவாங்க" என்றார். அவர் சம்மதித்ததே பெரிது என்று நினைத்து அப்படியே போட்டேன். அடிப்பதற்கு முன் சரிபார்க்க அனுப்பும் ப்ரூஃபைப் பார்த்துவிட்டு நித்யா கூப்பிட்டாள். இங்கேயே பிறந்தவள், எப்போதும் இங்கிலீஷில்தான் பேசுவாள். அன்றைக்கு மெனக்கெட்டுத் தமிழில் கேட்டாள்.

"ஆன்ட்டி, சமந்தா பேர்ல எந்த லெட்டர் உங்களுக்குப் பிடிக்கல?"

ஒரே ஒரு காப்பி

செல்வராஜ் அங்கிள் நாகர்கோவில்காரர், மனைவியை இழந்தவர். இந்த மாதிரிக் கல்யாணங்களைச் சட்டம் அனுமதிக்கக் கூடாது என்று மௌரி அவென்யூ மளிகைக் கடை வாசலில் நின்று கையெழுத்து வாங்கியவர். நானும் போட்டேன். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல வரவில்லை.

போன வருஷம் ரிச்சர்ட்சன் என்ற வெளியூரிலிருந்து அவர் மகன் ஜெரோம் ஆர்டர் கொடுத்தான். மாப்பிள்ளைகள் இருவர்: அவனும் அவன் நண்பனும். அப்பா பெயர் மட்டும் வேண்டாம் என்றான். எப்படியோ விஷயம் தெரிந்து அங்கிள் ஒரு சனிக்கிழமை காலையில் கராஜ் வாசலில் வந்து நின்றார். "என் பேர் போட்டு ஒரே ஒரு காப்பி குடும்மா. யாருக்கும் காட்ட மாட்டேன்."

ஜெரோமைக் கேட்காமல் எப்படிக் கொடுப்பது? உள்ளே போய் அவனுக்கு போன் செய்தேன். "அடிச்சுக் குடுங்க ஆன்ட்டி. ஆனா கல்யாணத்துக்கு வந்துட வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றான்.

அடித்துக் கொடுத்தேன். ஜெரோம் சரி என்று சொன்னதாக மட்டும் சொன்னேன். அவர் தன் பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கல்யாணத்துக்கு என்ன டிரெஸ் போட்டுட்டு வரணும்னு ஏதாச்சும் சொன்னானாம்மா?"

மீதியையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் கல்யாணத்துக்குப் போகவில்லை.

இத்தனை வருஷத்தில் ஒரு ஒற்றுப்பிழைகூட வந்ததில்லை என்று எல்லோரிடமும் பீற்றிக்கொள்வேன். மற்ற பிழைகளைப் பற்றி இதுவரை யாரும் கேட்கவில்லை.