முன் இடது சக்கரத்துக்காரர்

அணியில் எல்லாரும் அவரை ‘நிதானம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளம் போடும் கணினிக்கு மட்டும்தான் தெரியும். கார்ப் பந்தய அணியில் ஓர் ஆளுக்கு நிதானம் என்று பட்டப்பெயர் இருப்பது சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அதை வைத்தவர் அணியின் பழைய தலைவர். கிண்டலாக இல்லை, மனசாரப் பாராட்டி வைத்தார்.

பந்தயத்தின் நடுவே டயர் மாற்றக் கார் ஓரமாக வந்து நிற்கும். அந்த இடத்தைப் பிட் என்பார்கள். கார் நின்றதும் சக்கரத்துக்கு மூன்று பேர் பாய்வார்கள். ஒருவர் காற்றுத் துப்பாக்கியால் நட்டைக் கழற்றுவார், ஒருவர் பழைய சக்கரத்தை உருவுவார், ஒருவர் புதுசை மாட்டுவார், துப்பாக்கிக்காரர் மறுபடி நட்டை முடுக்கிவிட்டுக் கையைத் தூக்குவார். நாலு சக்கரத்திலும் கை உயர்ந்ததும் ஓட்டுநருக்குப் பச்சை விளக்கு எரியும். நீங்கள் ஒரு கொட்டாவி விடுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். நிதானம், முன் இடது சக்கரத்தின் துப்பாக்கிக்காரர்.

பேருந்துப் பணிமனையில் டயர் பிரித்துக்கொண்டிருந்தவர் அவர். அங்கே நாள் முழுக்கக் கறுப்புக் கை, மாலையில் சோப்பு, மறுநாள் திரும்பக் கறுப்புக் கை. தெரிந்தவர் ஒருவர் சொல்லி இந்த அணிக்கு வந்தார். சேர்ந்த புதிதில் ஒரு பந்தயத்தில், வேறொருவர் சரியாக முடுக்காத சக்கரம் ஒன்று வளைவில் கழன்று தனியாக ஓடியது. கோப்பையும் அதோடு ஓடிப்போனது. அன்றைக்குப் பழைய தலைவர் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். நட்டை முடுக்கியதும் துப்பாக்கிக்காரர் உள்ளங்கையால் டயரை ஒரு தட்டுத் தட்டவேண்டும். சக்கரம் ஆடவில்லை என்று தெரிந்த பிறகுதான் கையைத் தூக்கவேண்டும்.

“அவசரப்பட்டு ஒண்ணும் கிழிக்க வேணாம். தட்டிட்டுத் தூக்கு,” என்பார்.

அதற்கப்புறம் அணி கொடிகட்டிப் பறந்தது. வருஷா வருஷம் கோப்பை. அவர்களுடைய கார் மற்ற கார்களை எங்கேயோ விட்டுவிட்டு முன்னால் போய்க்கொண்டிருக்கும். பிட்டில் ஒரு தட்டுக்காக யாரும் கணக்குப் பார்க்கவில்லை. மற்ற மூவரும் தட்டுவதை நாளடைவில் ஒப்புக்குச் செய்தார்கள். இவர் மட்டும் ஒவ்வொரு தடவையும் குழந்தையின் முதுகில் தட்டுவதுபோலத் தட்டிவிட்டுத்தான் கையைத் தூக்கினார்.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது. கேஸ் சிலிண்டரை மூடினால் ஒரு தட்டு. காரைப் பூட்டினால் கூரையில் ஒரு தட்டு. ஊறுகாய்ப் பாட்டில், ஃபிரிட்ஜ் கதவு, பெட்டி, எதுவும் தப்பவில்லை. அவர் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள், நாக்கு ஊசியைவிடக் கூர்மை. “எங்க கல்யாணத்துல தாலி கட்டிட்டுக்கூட என் தோள்ல ஒரு தட்டுத் தட்டினாரு,” என்று எல்லாரிடமும் சொல்லுவாள். அது பொய். கல்யாணமான காலத்தில் அவர் பணிமனை வேலையில்தான் இருந்தார், தட்டும் பழக்கமே வந்திருக்கவில்லை. ஆனாலும் எல்லாரும் நம்பினார்கள்.

பிறகு அந்த வருஷம் வந்தது.

காரின் அடிப்பாகம் எப்படி இருக்கவேண்டும் என்பதற்குப் புது விதி போட்டார்கள். எல்லா அணிக்கும் ஒரே விதிதான். மற்றவர்கள் எப்படியோ சமாளித்துக்கொண்டார்கள். இவர்களுடைய கார் மட்டும் நேர்ப்பாதையில் தவளை மாதிரி குதித்தது. காற்றுச் சோதனைக் கூடத்தில் வைத்தால் சமர்த்தாக நின்றது, பாதையில் இறக்கினால் அடம்பிடித்தது. பொறியாளர்கள் தலைகீழாக நின்று பார்த்தும் பிடிபடவில்லை. போன வருஷம் வரை முதலில் வந்த கார் ஆறாவது வந்தது, எட்டாவது வந்தது, ஒரு தடவை வரவே இல்லை.

தோற்றுப் பழகாதவர்கள் தோற்றால் பார்க்கச் சகிக்காது. சாப்பாட்டுக் கூடத்தில் பேச்சு நின்றுபோனது. கார்க் கூடு செய்பவர் இன்ஜின்காரரைப் பார்த்தார், இன்ஜின்காரர் டயர்க்காரரைப் பார்த்தார். வீட்டிலோ, இத்தனை வருஷம் ‘எங்க அத்தான் அணி’ என்று பெருமையடித்த மச்சினன், அணியின் தொப்பியைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டான். “என்னத்தான், நீங்க இறங்கித் தள்ளினாக்கூட இதைவிட வேகமாப் போகுமே,” என்று தொலைபேசியில் கேட்டான். நிதானத்துக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு அவனோடு சரியாகப் பேசாமலே வைத்துவிட்டார்.

பழைய தலைவரை ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். புதியவர் வந்தார். வயதில் இவரைவிடச் சின்னவர், மரியாதை தெரிந்தவர், குரலை உயர்த்தாதவர். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. கார் மெதுவாக ஓடும்போது, பிட்டில் மிச்சம் பிடிக்கிற கண் சிமிட்டும் நேரம்கூட ஓர் இடம் முன்னே தள்ளும். முன்பு தட்டலாம், கட்டுப்படியானது. இப்போது ஆகாது. தட்டுவதை எல்லாரும் விட்டுவிடவேண்டும் என்றார். மற்ற மூவரும் அன்றைக்கே விட்டார்கள், அவர்களுக்கு விட என்ன இருந்தது. நிதானத்தால் முடியவில்லை. அவர் மனசு சரி என்றது, கை கேட்கவில்லை. நிதானம் என்று பாராட்டி வைத்த பெயர் இப்போது வேறு மாதிரி ஒலித்தது. “நிதானமா வாங்கண்ணே, அவசரமே இல்ல,” என்று பின் சக்கரத்துக்காரன் ஒருவன் சொன்னான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஒரு நாள் புதுத் தலைவர் தனியே கூப்பிட்டார்.

“இந்த ஒரு பந்தயம் பார்ப்போம் சார். அப்பவும் கை தட்டப் போச்சுன்னா, உங்களைத் தொழிற்சாலைக்குள்ளயே வச்சுக்கறேன். பாகம் பிரிக்கிற இடத்துல. தப்பா எடுத்துக்காதீங்க.”

அந்த வேலையிலும் சோறு கிடைக்கும். ஆனால் நிதானத்துக்கு வாழ்க்கையில் சொல்லிக்கொள்ள இருந்தது அந்த முன் இடது சக்கரம் ஒன்றுதான். கார் சீறிக்கொண்டு தன்னை நோக்கி வரும்போது மண்டியிட்டு நிற்கிற அந்த நொடியை அவர் எதற்கும் கொடுக்கத் தயாராயில்லை.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் கேலி செய்யவில்லை. சமையலறை மேடையில் திருகுமூடி உள்ள பாட்டில்களை வரிசையாக வைத்தாள். “மூடுங்க, கையை எடுங்க, தூக்குங்க. தட்டினீங்கன்னா மறுபடி முதல்லேர்ந்து.” தினமும் வேலை முடிந்து வந்ததும் இதே பாடு. முதலில் எல்லாப் பாட்டிலும் அடி வாங்கியது. மூடுகிற நேரத்தில் தொண்டைக்குள் ‘தூக்கு’ என்று சொல்லிக்கொள்ளக் கற்றுக்கொண்டார். மெல்ல மெல்லக் கை அடங்கியது. தொழிற்சாலையில் பழைய கார் ஒன்றில் யாரையாவது உட்காரவைத்துப் பயிற்சி செய்வார்கள், அங்கேயும் அடங்கியது.

பந்தய நாளில் அவர்களுடைய கார் ஐந்தாவதாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த வருஷத்துக்கு அதுவே பெரிய விஷயம். நாலாவது காரும் இவர்களும் ஒரே சமயத்தில் பிட்டுக்குள் வந்தார்கள். யார் முதலில் கிளம்புகிறாரோ அவருக்கு நாலாவது இடம்.

கார் வந்து நின்றது. நட் கழன்றது, சக்கரம் மாறியது, நட் இறுகியது. தொண்டைக்குள் தூக்கு என்றார். கை உயர்ந்தது. தட்டவில்லை! நாலு பேரில் அவர் கைதான் முதலில் மேலே போனது. மற்ற மூன்றும் உயர்ந்தன. பச்சை விளக்கு எரிந்தது.

கார் நகரவில்லை.

அணியே சேர்ந்து கத்தியது. பக்கத்து அணியின் கார் கிளம்பிப் போனது. பின்னால் வந்த இன்னொன்றும் போனது. அப்புறம்தான் இவர்களுடைய கார் திடுக்கிட்டு எழுந்தவன் மாதிரிப் பாய்ந்தது. கடைசியில் ஏழாவது.

பிட்டில் எடுத்த வீடியோப் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். எல்லாருடைய கண்ணும் நாலு சக்கரத்தின் மேலும் நாலு கையின் மேலும்தான். புதுத் தலைவர் நிதானத்தின் தோளைப் பிடித்து, “பிரமாதம் சார். உங்க இடம் உங்களுக்குத்தான்,” என்றார். அடுத்து ஓட்டுநர் பக்கம் திரும்பினார். “பச்சை எரிஞ்சும் ஏன் கிளம்பல?”

ஓட்டுநர் பதில் சொல்லவில்லை. அவர் சுபாவமே அப்படி. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்து, அதைச் சுருக்கி அணியில் கோட்டான் என்பார்கள். இத்தனை கோப்பையும் ஓட்டி வாங்கியவர் அவர்தான்.

அன்று மாலை டயர் அடுக்குகளின் நடுவே நிதானம் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கோட்டான் வந்து நின்றார். 

“நீங்க தட்டலையேண்ணே,” என்றார்.

“என்னது?”

“எப்பவும் தட்டுவீங்க இல்ல. உங்க கை படும், அப்புறம்தான் நான் விளக்கையே பார்ப்பேன். இன்னைக்குப் படல. சக்கரம் சரியா உக்காரலைன்னு நினைச்சேன்.”

குறை சொல்லும் குரலாக இல்லை. நடந்ததைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நிதானம் துடைத்த துப்பாக்கியையே மறுபடி துடைத்தார். சமையலறையில் அத்தனை பாட்டில் மூடிப் பழகியவருக்கு, காருக்குள் உட்கார்ந்திருக்கும் ஆளிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை. அவருக்கு மட்டுமா, ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தத் தட்டு வண்டிக்குள்ளேயும் போய்ச் சேர்கிறது என்று யாருக்குத் தெரியும்?

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள்.

“உங்க தலைவர்கிட்ட போய்ச் சொல்லிடுங்க.”

“சொன்னா, இவ்வளவுக்கும் உங்க தட்டல்தான் காரணமான்னு என்னை உள்ளே தள்ளிடுவார். இப்பத்தான் இடம் நின்னிருக்கு.”

“அப்ப அந்த மனுஷன்?”

“அவருக்கென்ன, ராஜா. அவரை யார் கேக்கப்போறா?”

கேட்டார்கள். பத்திரிகைகளில் எழுதினார்கள். வயதாகிவிட்டது, கண் பார்ப்பதைக் கால் கேட்பதில்லை என்றார்கள். அந்தப் பச்சை விளக்கின் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். வருஷக் கடைசியில் அணி அவரை வைத்துக்கொள்ளவில்லை. கடைசி வரிசையில் ஓடும் சின்ன அணி ஒன்று எடுத்துக்கொண்டது. கிளம்பும் நாளில் எல்லாருக்கும் கை கொடுத்தார். நிதானத்தின் கையை மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்திருந்தார் என்று நிதானத்துக்குப் பட்டது. அதை நினைத்தால் இப்போதும் அவருக்குச் சோறு இறங்காது.

புது வருஷத்தின் முதல் பந்தயம். கார் போன வருஷம் போலவேதான், குதிப்பது மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது. தங்கள் கார் வரப்போகிறது என்று நிதானத்தின் ஆட்கள் பிட்டில் இறங்கி மண்டியிட்டுக் காத்திருந்தார்கள். ஒரு கார் வளைந்து உள்ளே வந்தது. நேராக வந்து இவர்கள் முன்னால் நின்றது. நிறம் வேறு, எண் வேறு. கோட்டான்!

பழைய அணியின் சட்டைகளைப் பார்த்ததும் பழைய இடத்துக்கே வந்துவிட்டார். காரைத் தூக்கும் ஜாக்கிக்காரர் ஜாக்கியை வைத்துக்கொண்டு முழித்தார். பின் சக்கரத்துக்காரன் சிரித்தேவிட்டான். அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் வயிறு குலுங்கச் சிரித்தார். மைதானமே சிரித்தது. தலைக்கவசத்துக்குள் அந்த மனுஷன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நிதானம் நினைத்துப் பார்த்தார். கவசம் முன் இடது சக்கரம் பக்கம் திரும்பியது.

நிதானம் துப்பாக்கியைக் கீழே வைத்தார். உள்ளங்கையால் டயரைத் தட்டினார். பிறகு கையைத் தூக்கி, முன்னால் போ என்று காட்டினார்.

கார் சீறிக்கொண்டு போனது.

அன்றைக்குப் படம் போட்டுப் பார்க்கும் அறையில் புதுத் தலைவருக்குக்கூடச் சிரிப்பு அடங்கவில்லை. “ஏன் சார் அவர் வண்டியத் தட்டினீங்க?”

“அவருக்கு அது வேணும். அது இல்லாமக் கிளம்ப மாட்டார்,” என்றார் நிதானம். அறையில் சிரிப்பு நின்றது. “போன வருஷமும் அதுக்குத்தான் நின்னார். அன்னைக்கே எங்கிட்ட சொன்னார். நான்தான் யார்கிட்டயும் சொல்லல.”

தலைவர் பழைய படத்தைத் தேடி எடுத்துப் போட்டார். இந்தத் தடவை யாரும் கையைப் பார்க்கவில்லை. பச்சை விளக்கு எரிகிறது, நிதானத்தின் கை மேலே நிற்கிறது, கோட்டானின் தலை விளக்கைப் பார்க்கவே இல்லை. முன் இடது டயரைக் குனிந்து பார்த்தபடி காத்திருக்கிறது. அத்தனை பேர் அத்தனை தடவை பார்த்த படம்தான் அது.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்,” என்றார் தலைவர்.

“சொல்லியிருக்கலாம்.”

தலைவர் நல்லவர். நடந்ததைப் பத்திரிகைக்காரர்களிடம் தானே சொன்னார். கோட்டானைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். அடுத்த பந்தயத்தில் முன் இடது சக்கரத்துக்கு வேறொருவரை நிறுத்தினார். நிதானம் எதிர்பார்த்ததுதான். பாகம் பிரிக்கும் இடத்தில் அவருக்கு ஒரு மேசை கொடுத்தார்கள், நல்ல வெளிச்சமான மேசை.

பிட் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த மாலையில், வீட்டு வாசலில் காரைப் பூட்டினார். கை தானாகப் போய்க் கூரையைத் தட்டியது. உள்ளேயிருந்து மனைவியின் குரல் கேட்டது.

“தட்டியாச்சில்ல? உள்ள வாங்க.”