தாலி ஐப்பசியில், மேளம் மாசியில்

என் கல்யாணத்துக்கு மேளக்காரர்கள் வந்திருந்தார்கள். பாயில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், அட்சதை போட்டார்கள். ஆனால் வாசிக்கவில்லை.

விஷக்காய்ச்சல் வந்த வருஷம் அது. மலாய் நாட்டில், கோத்தா திங்கிக்கு மேலே, ஆற்றோரத்துக் கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். மாரியம்மன் திருவிழாவுக்காகக் கங்காணி சிங்கப்பூரிலிருந்து நாயனக்காரர் ஒருவரையும் தவில்காரர் ஒருவரையும் வரவழைத்திருந்தார். அவர்கள் படகை விட்டு இறங்கிய வாரமே கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஆட்கள் காய்ச்சலில் படுக்க ஆரம்பித்தார்கள். திருவிழா நின்றது. துரை தோட்டத்தையே மூடிவிட்டார். யாரும் வெளியே போகக்கூடாது, உள்ளே வரக்கூடாது, கூட்டம் கூடக்கூடாது, கொட்டு அடிக்கக்கூடாது. கொட்டுச் சத்தம் கேட்டால் எங்கள் சனம் வீட்டில் நிற்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. செத்தவர்களைக்கூடப் பறை இல்லாமல்தான் தூக்கிப் போனோம். பக்கத்து வீட்டு அக்காவின் புருஷன் அப்படித்தான் போனார்.

ஐப்பசியில் வைத்திருந்த கல்யாணத்தைத் தைக்குத் தள்ளிப்போடலாமா என்று அப்பா கேட்டாராம். மாப்பிள்ளை வீட்டில் ஒப்பவில்லை. தை மாதம் யார் இருப்போம், யார் போவோம் என்று மாமியார் சொல்லிவிட்டாராம். மாப்பிள்ளை கீழ் லயம், நாங்கள் மேல் லயம். அதனால் யாரும் தோட்டத்தை விட்டு வெளியே போகவேண்டிய அவசியமும் இல்லை; கூட்டம் சேர்க்காமல் இரண்டு வீட்டாரோடு முடித்துக்கொண்டோம். முகூர்த்த நேரத்தில் பழக்க தோஷத்தில் யாரோ "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று சொல்லிவிட, எல்லோரும் தவில்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வெறுங்கையை விரித்துக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாலி கட்டும்போது சிரித்த பெண் என்று கொஞ்ச நாள் பேர் வாங்கினேன்.

மேளக்காரர்களை ஊருக்கு அனுப்ப வழியில்லை. கங்காணி ஆளுக்கொரு பால்வெட்டும் கத்தியைக் கொடுத்தார். நாயனக்காரர் சீக்கிரம் கை பழகிவிட்டார். என் வீட்டுக்காரருக்குப் பக்கத்து மர நிரைதான் அவருக்கு. மரத்துக்கு மரம் ஏதாவது ஒரு ராகத்தை முனகிக்கொண்டே போவார். வாயால் முனகுவதைத் துரை தடுக்கவில்லை. தவில்காரர் கதை வேறு. அவர் கத்தி பட்ட மரமெல்லாம் எலும்பு தெரிய நின்றது. கடைசியில் அவரை, ரப்பர்த் தகடுகளை உலர்த்தும் புகைக்கூடத்துக்கு விறகு பிளக்க அனுப்பிவிட்டார்கள். அங்கே மனிதர் சந்தோஷமாக இருந்தார்.

மாமியாருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. மேளம் இல்லாமல் நடந்ததைக் கல்யாணமாகவே அவர் சேர்த்துக்கொள்ளவில்லை. நான் வாந்தியெடுத்துக்கொண்டு கிடந்தபோதுகூட, கஞ்சியைக் கையில் கொடுத்துவிட்டு, மேளம் கொட்டுவதற்கு முன்னாலேயே பிள்ளை வந்துவிடும் போலிருக்கிறதே என்றுதான் கவலைப்பட்டார்.

மாசி மாதம் ஒரு மத்தியானம், ஆற்றுக்கு அக்கரையில், மலாய்க்காரர் கிராமமான கம்பத்தில் கொம்பாங் சத்தம் கேட்டது. அங்கே ஏதோ கல்யாணம். அவர்கள் அடிக்கும் அந்தக் கைப்பறைச் சத்தத்தைக் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது. லயத்தில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. எல்லோரும் ஆற்றங்கரைக்கு வந்து நின்றோம். மாமியார் நேராகக் கங்காணி வீட்டுக்கு நடந்தார். கங்காணி துரையிடம் ஓடினார். பட்டணத்திலிருந்து தடையை எடுத்துவிட்ட தகவல் முன்பே வந்திருக்கிறது, துரைதான் சொல்ல மறந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருட்டும்வரை வாசிக்கலாம் என்று உத்தரவானது.

உறையிலிருந்து தவிலை எடுத்துப் பார்த்தால் இடப்பக்கத் தோல் பூஞ்சணம் பூத்துக் கிழிந்திருந்தது. கொம்பாங் அடிப்பவர்களிடம் ஆட்டுத்தோல் இருக்குமே என்று என் வீட்டுக்காரர் யோசனை சொன்னார். அவரும் தவில்காரரும் சம்பான் படகில் அக்கரைக்குப் போனார்கள். இருவருக்கும் தெரிந்த மலாய் கொஞ்சம்தான். "கூலிட் கம்பிங்" என்று ஆட்டுத்தோலைக் கேட்டுவிட்டு, தவில்காரர் தன் தொடையிலேயே ஓர் ஆவர்த்தனம் தட்டிக் காட்டினாராம். அவர்கள் சிரித்துக்கொண்டே பதப்படுத்திய தோல் ஒன்றை எடுத்துக் கொடுத்ததோடு, ஞாயிற்றுக்கிழமை தாங்களும் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

இதற்குள் மாமியார் ஊர்வலத்துக்கே ஏற்பாடு செய்துவிட்டார். கூறைப்புடவை, மாலை, எல்லாம் முதலிலிருந்து. எனக்கோ வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. வெட்கமாக இருக்கிறது அத்தை, வேண்டாம் என்றேன்.

"வெக்கம் என்னடி? ரெண்டு பேரா போகவேண்டியது, மூணு பேரா போறீங்க. அவ்வளவுதானே."

கூறைப்புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்து உதறினேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஊதலில் நாயனத்திலிருந்து வாத்து கத்துவதுபோல ஒரு சத்தம் வந்தது. குழல் முனையில் வைத்து ஊதும் சீவாளி காய்ந்துபோயிருந்தது. பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். நாயனக்காரர் அதை வாயில் போட்டு ஊறவைத்து, மறுபடி ஊதினார். தவில் அடிக்க விரலில் மாட்டும் கூடுகள், விறகு பிளந்து தடித்த விரல்களில் ஏற மறுத்தன. தவில்காரர் பாதி விரல்களில் மட்டும் மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார். பிறகு திடீரென்று எல்லாம் கூடி வந்தது. அந்தச் சத்தம் காதில் விழுந்ததைவிட நெஞ்சில் விழுந்ததுதான் அதிகம். பக்கத்து வீட்டு அக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். புருஷனை இழந்தவர் ஊர்வலத்தில் வரக்கூடாதென்று ஒதுங்கியிருந்தார். மாமியார் போய் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து என் பக்கத்தில் விட்டார். அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கோயில்வரை அழுதுகொண்டே நடந்தார்.

பாதி வழியில் நாயனக்காரருக்கு மூச்சு தீர்ந்துவிட்டது. இத்தனை மாதம் ஊதாத நெஞ்சு. குழலை இறக்கிவிட்டு, கொஞ்சம் பொறுங்கள் என்று கையால் சாடை காட்டினார். சத்தம் நிற்கப்போகிறதே என்று நினைத்த நேரத்தில், பின்னால் வந்த கம்பத்துக்காரர்கள் கொம்பாங்கைத் தட்ட ஆரம்பித்தார்கள். தவில்காரர் திரும்பி நின்று பதில் அடித்தார். அவர்கள் கேட்க, இவர் சொல்ல, பிறகு இவர் கேட்க, அவர்கள் சொல்ல, நாங்கள் நடுப்பாதையிலேயே நின்றுவிட்டோம். இருட்டப்போகிறது என்று கங்காணிதான் எங்களை நகர்த்தினார்.

அடுத்த வாரம் படகு வந்தது. மேளக்காரர்களைத்தான் யாரும் விடவில்லை. காய்ச்சல் காலத்தில் சத்தமில்லாமல் தாலி கட்டிய எல்லோருக்கும் இப்போது ஊர்வலம் வேண்டியிருந்தது. அவர்கள் முடிந்ததும், கப்பலேறி வந்த அவசரத்தில் மேளமில்லாமல் கட்டிக்கொண்ட நரைத்த தலைகளும் கிளம்பின. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் யாராவது மாலையும் கழுத்துமாக லயத்தைச் சுற்றி வந்தார்கள். கடைசி ஊர்வலம் கங்காணியுடையது; அவர் கல்யாணத்திலும் மேளம் இல்லை என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் மனைவி பட்டுப்புடவையில் தலை நிமிர்ந்து முன்னால் நடந்தார். கங்காணி மாலையோடு, யார் முகத்தையும் பார்க்காமல் பின்னால் போனார்.