இரண்டு குளிசைகளும் ஒரு தனிச் சட்டியும்

நீரிழிவு இருப்பது தெரியவந்தபோது எனக்கு முப்பத்தாறு வயது. தாயைப் பார்க்க யாழ்ப்பாணம் போன மனைவி, சண்டை மறுபடி தொடங்கிப் பாதை மூடப்பட்டதால் அங்கேயே அகப்பட்டுக்கொண்டாள். நானும் ஏழு வயது மகளும் கெலிஓயாவில் ஒரு முஸ்லிம் வியாபாரியின் வீட்டுப் பின்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். கண்டியில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எனக்கு எழுதுவினைஞர் வேலை. பள்ளி விட்டதும் மகள் வீட்டுக்காரரின் மனைவியிடம் இருப்பாள். அலவத்துகொடயில் பிறந்த அவரை நான் அக்கா என்பேன், மகளுக்கு மாமி.

வெள்ளிக்கிழமைகளில் எனக்கு விரதம். மாலையில் ஒருநேரச் சாப்பாடு. அதை அறிந்த நாளிலிருந்து அக்கா இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் அனுப்பினார். தங்கள் இறைச்சிச் சட்டியில் சமைக்கக்கூடாதென்று எனக்காகப் புதுச் சட்டி ஒன்று வாங்கி, அதைத் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தார்.

நீரிழிவுக்கு டொக்டர் குளிசை தந்த பிறகு மூன்று வெள்ளிகள் ஒரே மாதிரி நடந்தன. அக்காவின் சாப்பாடு உள்ளே போய் அரைமணி நேரத்தில் வயிறு புரட்டிக்கொண்டு வரும். முற்றத்துக் கக்கூசுக்கு ஏழெட்டுத் தடவை ஓடுவேன். மற்ற நாட்களில் லேசான இரைச்சலோடு சரி.

தமிழ் இயக்கத்தார் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டிய காலம் அது. மன்னாரில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்காவின் தங்கை, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்குள் இருந்தாள். இதை எனக்குச் சொன்னவர் தேநீர்க் கடைக்காரர். அக்கா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏசியிருந்தால்கூடப் பயந்திருக்க மாட்டேன். பேசாமல் இடியப்பம் அனுப்பியதுதான் என்னை யோசிக்க வைத்தது. அவர்கள் சட்டியில் சாப்பிடும் மகளுக்கு ஒன்றுமில்லை. எனக்கு மட்டும் ஏன் தனிச் சட்டி?

மாமி சமைக்கும்போது என்ன போடுகிறவர் என்று மகளிடம் மெல்ல விசாரித்தேன்.

"தெரியாது அப்பா. ஒங்கட சட்டிய மாமி என்னத் தொடவும் விடமாட்டா."

அதற்குமேல் எனக்குச் சாட்சி தேவைப்படவில்லை. திங்கட்கிழமை முதல் மகளை அங்கே அனுப்பவில்லை. பாடம் படிக்க வேண்டும் என்று அக்காவிடம் சாட்டுச் சொன்னேன். வெள்ளிச் சாப்பாடும் வேண்டாம் என்றேன். பள்ளி வானில் வந்திறங்கும் பிள்ளையை, மதியம் கந்தோரிலிருந்து ஓடிவந்து உள்ளே விட்டு, வெளியே பூட்டிவிட்டு மறுபடி பஸ் ஏறினேன்.

அந்த வெள்ளி நாலு மணிக்கு வழக்கம்போலக் கந்தோரில் வெறும் தேத்தண்ணியோடு இரண்டு குளிசைகளையும் விழுங்கினேன். ஒரு நாளைக்கு இரண்டு, சாப்பாட்டோடு, என்பது டொக்டரின் உத்தரவு. வெள்ளியில் சாப்பாடு ஒன்றுதான். அதற்காகக் குளிசையைக் குறைக்கலாமா? வீடு போய்ச் சாப்பிடத்தானே போகிறோம் என்று இரண்டையும் ஒன்றாகப் போடுவது என் வழக்கம்.

சற்று நேரத்தில் நகரில் ஏதோ கலவரம் என்று கடைகளை இழுத்து மூடினார்கள். பஸ் நின்றுவிட்டது. ஆறு மணிக்கு ஊரடங்கு என்றார்கள். பிள்ளை பூட்டிய வீட்டுக்குள்; சாவி என் சட்டைப்பைக்குள். நடக்கத் தொடங்கினேன்.

பேராதனைப் பாலத்துச் சோதனைச் சாவடியில் வயிறு பிடித்துக்கொண்டது. சிப்பாய் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருப்பதைப் பார்த்தான். பையிலிருந்த குளிசைப் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தான். போன வெள்ளி நானும் சொதியை அப்படித்தான் முகர்ந்திருந்தேன். வயிற்றைக் காட்டிச் சிங்களத்தில் கெஞ்சியதும், அட்டையை வைத்துக்கொண்டு பற்றைப் பக்கம் போகவிட்டான்.

அங்கே குந்தியிருந்தபோதுதான் உறைத்தது. அன்று முழுவதும் எனக்குள் போனவை தேத்தண்ணியும் இரண்டு குளிசைகளும் மட்டும்தான்.

அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஊரடங்குக்குப் பயந்து ஒழுங்கைகளால் நடந்து வீடு சேர ஏழு மணி. முற்றத்தில், எங்கள் ஜன்னலுக்குக் கீழே, அக்கா பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னல் கம்பிக்குள் சாப்பாட்டுக் கோப்பை நுழையாது. இடியப்பத்தைச் சொதியில் பிசைந்து, உருட்டி உருட்டி மகளின் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்தச் சட்டி இருந்தது.

"புள்ள அழுதிச்சி தம்பி. வெள்ளிக்கெழம எண்டு ஒங்கட சட்டியிலதான் ஆக்கினேன். ஒங்களுக்கும் வச்சி ஈக்கி."

பூட்டை உடைத்திருக்கலாமே அக்கா என்றேன்.

"ஒடைக்க எவ்வளவு நேரம்? நீங்க போட்ட பூட்ட ஒங்களக் கேக்காம எப்பிடி ஒடைக்கிற?"

அடுத்த வாரம் டொக்டர் சிரித்தார். வெறும் வயிற்றில் இரண்டையும் சேர்த்துப் போட்டால் குடல் ஓடாமல் என்ன செய்யும் என்றார். இப்போதைய டொக்டர் இன்னும் விவரமாகச் சொல்கிறார். அந்தக் குளிசை குடலிலேயே வேலை செய்கிறதாம். குடலில் ஊறும் சில ஹோர்மோன்களைக் கூட்டுகிறதாம். அவை இரைப்பையைத் தாமதிக்கச் சொல்லும், இன்சுலினைச் சுரக்கச் சொல்லும். அதே குளிசை கீழ்க்குடலை அவசரப்படுத்தவும் செய்யுமாம். உணவோடு சிறிது சிறிதாகத் தொடங்கினால் பலருக்கு அடங்கிவிடும் என்கிறார். எனக்கு அடங்கியது. ஆனாலும் ஒவ்வொரு புதுக் குளிசையையும் இன்னும் சந்தேகத்தோடுதான் விழுங்குகிறேன்.

அந்த வெள்ளிக்கு மறுநாள் சனிக்கிழமை காலை, வீட்டுச் சாவி ஒன்றை அக்காவிடம் கொடுக்கப் போனேன். ஏன் பூட்டினீர்கள் என்று கேட்டால் சொல்ல ஒரு பதிலும் வைத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"நீங்க கக்கூசுக்கு ஓடுறது எனக்குத் தெரியும். என்ட சாப்பாடு ஒத்துக்கல்லயாக்கும் எண்டு மொளகாயக் கொறச்சும் பாத்தேன். அதுலதான் கோவமா தம்பி?"

"குளிசையாலதான் அக்கா," என்றேன்.

அது பொய்யில்லை. மிச்சத்தை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.