பஸ்ஸை விட்டுவிட்டு அழைத்தவர்

கூடலூர்ப் பக்கத்து டீ ஃபேக்டரி ஒன்றின் இணையதளத்தைக் குன்னூரில் என் வீட்டிலிருந்தே கவனித்துக்கொள்கிறேன். பச்சைத்தேயிலை ஏற்ற வரும் வண்டிக்குச் சிறு விவசாயிகள் அதில்தான் பதிவு செய்வார்கள். பறித்த இலை அன்றே போகாவிட்டால் சாக்கிலேயே சூடேறிக் கெட்டுவிடும்.

தளம் நம்பகமானது என்று பிரவுசருக்குக் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் சில மாதங்களில் காலாவதியாகிவிடும்; அது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்படி அமைத்திருந்தேன். அந்தத் தைரியத்தில் அதை மறந்தே போனேன்.

ஒரு மழைக்காலக் காலையில், ஃபேக்டரியில் என் எண்ணை வாங்கி, தேவாலாவிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண் அழைத்தார்.

"ஏனுங்க, வண்டிக்குப் பதியலாம்னு தொறந்தா, பாதுகாப்பில்லைன்னு வருதுங்க. எல்லாரும் பயந்துக்கிட்டு மூடிடறாங்க. பஸ்ஸுல ஏறினா சிக்னல் போயிருமுங்க. அதான் பஸ்ஸை விட்டுட்டுக் கூப்பிடறேன்."

பதறிப்போய்ப் பார்த்தேன். புதிய சான்றிதழ் சரியாக வந்திருந்தது. ஆனால் அதை வாங்கி வைப்பது ஒரு கன்டெய்னர், அதாவது சர்வருக்குள் தனியாக ஓடும் ஒரு மென்பொருள் பெட்டி; தளத்தைக் காட்டும் வெப் சர்வர் இன்னொரு கன்டெய்னர். புதியது வந்த செய்தியை அதற்குச் சொல்ல நான் ஏற்பாடே செய்யவில்லை. அது காலாவதியான பழையதையே நீட்டிக்கொண்டிருந்தது. புதியதை எடுத்துக்கொள்ளும்படி வெப் சர்வரை ரீலோட் செய்தேன்.

"வந்துருச்சுங்க! இருங்க, இங்க நிக்கறவங்ககிட்டயும் சொல்லிடறேன்" என்று போனை வைத்தார். அன்று எல்லோருடைய இலையும் ஃபேக்டரி போய்ச் சேர்ந்தது.

அடுத்த பஸ்ஸுக்காக எவ்வளவு நேரம் மழையில் நின்றாரோ! பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது சான்றிதழ் புதுப்பித்ததும் ரீலோட் தானாக நடக்கிறது. கூடவே, தளத்தை வெளியிலிருந்து திறந்து பார்த்து, கோளாறென்றால் என்னைப் போனில் அழைக்கவும் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறேன். அந்தத் தானியங்கி அழைப்பு வரும் எண்ணை என் போனில் 'தேவாலா அக்கா' என்று சேமித்திருக்கிறேன்.